ஆத்துப் படுகைக்கு ஒரு மருமகள் காவல்

காவல் வேலையில் கைக்கு வேலை கிடையாது, வாய்க்குத்தான் வேலை. எனக்கு வாய் வராது என்பதால் கைக்கு ஒரு வேலை வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது மிளகு உதிர்க்கிறேன். நாலு கொத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டி உதிர்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, ரெண்டு வரி எழுதுகிறேன். மறுபடி நாலு கொத்து. எழுத்து அங்கங்கே கலங்கியிருந்தால் அது மிளகுக் கறைதான், நான் அழுததாக நினைத்துக்கொள்ளாதீங்க.

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவங்க, ஆஸ்பத்திரியில் "நேரம் முடிஞ்சுதுங்க" என்று வார்டுக் கதவைச் சாத்துகிறவங்க, பள்ளிக்கூட கேட்டில் நிற்கிறவங்க, இன்னும் நாள் முழுக்க "கூடாதுங்க, கூடாதுங்க" என்று சொல்லியே சோறு தின்கிற எல்லாருக்கும் வணக்கம். நானும் உங்கள் கூட்டம்தான். உங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும்.

நான் காவல் இருப்பது ஒரு படுகைக்கு. கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில் (எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு), எங்கள் ஊர் பஜார் முடிகிற இடத்தில் ஆறு ஒரு வளைவு வளைகிறது. அங்கே கரை தாழ்வு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஆறு கரையேறி வந்து புல்லுக்குள் பரந்து நிற்கும். புதுத்தண்ணி வந்ததும் மீன்கள் எதிர்த்து ஏறி வந்து அந்தப் புல்லுக்குள் முட்டை வைக்கும். அதைத் தேடிக் கொக்கும் நாரையும் வந்து இறங்கும். பஜார் பெருத்துப் பெருத்து, கடையும் லாட்ஜுமாகப் படுகையின் ஓரம் வரைக்கும் வந்துவிட்டதால், இதற்கு மேல் யாரும் வரக் கூடாது என்று போர்டு வைத்துவிட்டார்கள். வண்டி கூடாது, அடுப்புக் கூடாது, பாட்டில் கூடாது. மழைக்காலத்தில் மீன் பிடிக்கக் கூடாது, உள்ளே இறங்கவே கூடாது. போக ஒரே வழிதான். மேட்டில் ரெண்டு பெரிய பாறை, நடுவில் ஓர் ஆள் நுழைகிற தடம். அந்தப் பாறைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டாய். கொட்டாயில் நான், என் மடியில் பாப்பா.

வேலை கேட்கப் போனது

இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னது ராசண்ணன். ஆத்துக்கு மேல்பக்கம் வாட்சராக இருக்கிறார். நான் பிறந்த தேவனூர் நாட்டுக்காரர் என்பதால் எனக்கு அண்ணன் முறை. அவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும். ஃபாரஸ்டர் முன்னால் போய் நின்றதும் வரவில்லை. பேர் கேட்டார், எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். படிப்புக் கேட்டார், "அஞ்சாவதுங்க" என்று அதையும் அவரே சொன்னார். "ஏம்மா, இது ஆளுங்களைத் தடுத்து நிறுத்தற வேலை. பேசுவியா?" என்றார் ஃபாரஸ்டர். தலையாட்டினேன். "சத்தமாப் பேசுவியா?" அதற்கும் தலையாட்டினேன்.

எனக்கு அந்த வேலை எப்படியாவது வேணும். போன வருசம் நாங்கள் ரெண்டு பேரும் கேரளாவுக்குக் காப்பி எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தோம். எஸ்டேட்டில் தங்கக் கொடுத்த லயன் வீட்டில் சுவரெல்லாம் ஈரம். கைப்பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடுவதற்குள் முகம் நீலம் பாரித்துவிடும். இங்கே வேலை என்றால் பிள்ளையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம், எங்கேயும் போக வேண்டியதில்லை. இதையெல்லாம் ஃபாரஸ்டரிடம் சொல்லியிருக்கலாம்தான். சொல்லவில்லை. அவராகவே, "மழை முடியற வரைக்கும் பாக்கறேன். மழையில ஊர்க்காரங்க உள்ள எறங்காமப் பாத்துக்கிட்டா வேலை உனக்கு. இல்லீன்னா கீழ இருந்து ஒரு ஆம்பளையக் கொண்டாந்து போட்டுருவேன்" என்றார். அதற்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ராசண்ணன் சொன்னார்: "பூம்பூம் மாட்டுக்காவது மேளம் அடிக்கோணும் தாயி. நீ மேளமே இல்லாம ஆட்டறயே!"

பிரியாணிச் சட்டி

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் வந்து நின்றது. சேலத்துப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். இறங்கினதும் ஒருத்தர் அடுப்பைத் தூக்கினார், ஒருத்தர் பெரிய சட்டியைத் தூக்கினார், கோழி ஒரு வாளியில் மசாலா தடவி ரெடியாக இருந்தது. ஆத்தோரம் பிரியாணி ஆக்கப் போகிறார்களாம். நான் எழுந்து பாறைக்கு நடுவில் போய் நின்றேன். "கூடாதுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. போர்டைக் கை காட்டினேன். அடுப்பைக் காட்டிக் கையை ஆட்டினேன். சட்டியைக் காட்டி ஆட்டினேன். கோழி வாளியைக் காட்டி ஆட்டும்போது எனக்கே பாவமாக இருந்தது, அவ்வளவு நல்ல வாசம்.

சட்டி தூக்கினவர் சண்டைக்கு வருகிற மாதிரி முன்னால் வந்தார். அவர் சம்சாரம் பின்னால் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்தம்மா என்னையும் இடுப்பில் இருந்த பிள்ளையையும் ஒரு நிமிசம் பார்த்தார். கண்ணில் தண்ணி கட்டிக்கொண்டது. ஒரு வாழைச் சீப்பை எடுத்து என் கொட்டாயில் வைத்துவிட்டு, வீட்டுக்காரரிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது: "பாவங்க, வாய் பேச வராத புள்ளயக் கொண்டாந்து உக்கார வெச்சிருக்காங்க. சண்டை போடாதீங்க, அடுப்ப எடுத்து வண்டில வையுங்க."

வரிசையாகப் பாட்டில்

பாட்டில் கொண்டுவருகிற பையன்களை நிறுத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. பையைத் திறந்து காட்டச் சொல்லிச் சைகை செய்தால் அவர்களே வெட்கப்பட்டு எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். "அக்கா, பத்திரமா வெச்சிருங்க, திரும்பி வாரப்ப வாங்கிக்கறோம்" என்பார்கள். நானும் பத்திரமாகத்தான் வைப்பேன். கொட்டாய் முன்னால் பலகை மேல், உயரம் பார்த்து, வரிசையாக. பாப்பா கைக்கு எட்டக் கூடாது இல்லையா, அதற்காகத்தான் பலகை. ஆயுத பூஜை லீவில் பலகை நிறைந்துவிட்டது. வெயில் பட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் மின்னியது, நான் பக்கத்தில் பச்சைத் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் பைக்கில் போன ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, பலகையை மேலும் கீழும் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங் அம்மிணி, குவார்ட்டர் இருக்குதுங்களா?"

மரியாதை

இனிமேல் சொல்வதுதான் என் உண்மையான கஷ்டம். வெளியூர்க்காரங்க எத்தனை பேர் வந்தாலும் சைகை காட்டிச் சமாளித்துவிடலாம். எங்கள் ஊர்க்காரங்களை என்ன செய்வது? நான் இந்த ஊருக்கு மருமகள். எங்கள் பக்கம் மாமனார், மூத்தார் முறை உள்ளவங்க எதிரே வந்தால் மருமகள் உட்கார்ந்திருக்கக் கூடாது. எழுந்து, வழியை விட்டு ஒதுங்கி, அவர்கள் தாண்டிப் போகிற வரைக்கும் தலை குனிந்து நிற்க வேணும். நேராகப் பேச்சும் கிடையாது. மூத்தார் என்றால் எங்கள் வீட்டுக்காரருக்கு அண்ணன். சொந்த மூத்தார் ஒருத்தர்தான், ஆனால் முறைக்குப் பார்த்தால் ஊரில் பாதி ஆம்பிளைகள் எனக்கு மூத்தார், மீதி மாமனார். வழி விடுவது என் பழக்கம், வழி மறிப்பது என் வேலை. ரெண்டும் ஒரே பாறைச் சந்தில்!

ஐப்பசியில் முதல் புதுத்தண்ணி ஏறின அன்றைக்கு மூத்தார் மூங்கில் மீன்கூண்டோடு வந்தார். மனசு "மறி" என்றது. கால் அதற்குள் எழுந்து ஒதுங்கிவிட்டது. அவர் போனார். பின்னாலேயே சின்ன மாமனார், அவர் பங்காளி, இன்னும் நாலு பேர். ஒவ்வொருத்தருக்கும் ஒதுங்கினேன். கடைசியில் பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரங்க ரெண்டு பேர், இன்றைக்கு எல்லாரையும் விடுகிறார்கள் போல என்று அவர்களும் பின்னால் போய்விட்டார்கள். எனக்கு இருந்த தடுமாற்றத்தில் அவர்களுக்கும் ஒதுங்கி நின்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஃபாரஸ்டர் வந்தார். எல்லாரையும் கூண்டோடு வெளியே வரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவை இப்படி உள்ள ஆளைப் பாத்தேன்னா அன்னிக்கோட உன் வேலை முடிஞ்சுதும்மா" என்றார். என்னைத் திட்டுவது மூத்தாருக்குப் பொறுக்கவில்லை. நனைந்த வேட்டியோடு முன்னால் வந்து எனக்காகப் பேசினார்: "புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க. மரியாதை தெரிஞ்ச புள்ளைங்க. எங்களப் பாத்ததும் எந்திரிச்சு அழகா வழி விட்டுச்சு!"

விசில்

அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டுக்காரரிடம், "உங்கண்ணன்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "எங்கண்ணன்கிட்டயா? நானா?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அண்ணன் முன்னால் அவரும் என்னைப் போலத்தான்.

ராசண்ணன்தான் யோசனை சொன்னார். "வாய்தான வராது, விசில் குடுத்திருக்காங்களே, ஊது." ரெண்டு நாள் ஆளில்லாத நேரத்தில் ஊதிப் பழகினேன். பாப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்றாம் நாள் மூத்தார் வருவது தெரிந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரே ஊது. கண் திறந்து பார்த்தால் மூத்தார் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறார், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக. அவர் மீன் பிடிக்கவே வரவில்லையாம், டீக்கடைக்குப் போனாராம். ஆனாலும் ஊதினால் திரும்பிப் போகிறார்களே என்று எனக்கு ஒரே சந்தோசம். வேலை நிலைத்துவிட்டது என்றே நினைத்து வீட்டுக்குப் போனேன். மாமியார் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "ஏஞ்சாமி, நடு ரோட்டுல மூத்தாரப் பாத்து சீட்டி அடிச்சயாமா?"

பாப்பா தூங்கின இடம்

விசிலை எடுத்துப் பரண் மேல் வைத்தாயிற்று. கார்த்திகையில் ஒரு நாள் ராத்திரி முழுக்க மழை. விடிந்ததும் வானம் வெறித்துவிட்டது. படுகை பூராவும் தண்ணி, புல் நுனி மட்டும் தெரிந்தது. மீன் துள்ளுகிற சத்தம் மேட்டில் இருக்கிற கொட்டாய் வரைக்கும் கேட்டது. இந்தச் சத்தம் கேட்டால் ஊர் சும்மா இருக்காது. ஃபாரஸ்டரும் இன்றைக்கு வருகிறார் என்று ராசண்ணன் போனில் சொல்லிவிட்டார். கேரளா பஸ் கண்ணுக்குள் வந்து நின்றது.

பாப்பாவுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் நான் உட்காருகிற சாக்கை இழுத்துக்கொண்டு போய், ரெண்டு பாறைக்கும் நடுவில் தடத்துக்குக் குறுக்கே போட்டு, அதன் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். தூக்கலாம் என்று எழுந்தேன். எதிரே மூத்தார், கையில் கூண்டு. பின்னால் ஏழெட்டுப் பேர்.

என் கால் வழக்கம்போல ஒதுங்கிக்கொண்டது. வழி விட்டாயிற்று. ஆனால் மூத்தார் அசையவில்லை. படுத்திருக்கிற பிள்ளையைத் தாண்டினால் பிள்ளை வளராது என்பார்களே, உங்கள் ஊரிலும் உண்டுதானே? சொந்தத் தம்பி மகளை அவர் எப்படித் தாண்டுவார்? சுற்றிப் போகவும் இடமில்லை.

என்னிடம் நேராகப் பேசக் கூடாதே, அதனால் பாறையைப் பார்த்துச் சொன்னார். "புள்ளயத் தூக்கினாத் தேவல."

நானும் நேராகப் பேசக் கூடாது. குனிந்து, தூங்குகிற பாப்பாவிடம் சொன்னேன். "பாப்பா, இப்பத்தான் கண்ணசந்தேன்னு பெரியப்பாகிட்டச் சொல்லு சாமி."

என் குரலை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டிருப்பார். அவரும் பாப்பாவிடமே பேசினார். "கண்ணு, ஓரமாப் படுத்தாலும் தூக்கம் வரும்னு உங்கம்மாகிட்டச் சொல்லு."

"பாப்பா, மீனு முட்டை வெக்கிற நாளு, ஒருத்தரும் எறங்கக் கூடாதாம்னு சொல்லு."

"கண்ணு, பெரியப்பா ரெண்டே ரெண்டு மீனு புடிச்சுட்டு வந்துருவேன்னு சொல்லு."

"பாப்பா, அந்தக் கூண்டு ரெண்டு மீனுக்குச் செஞ்ச கூண்டாட்டம் இல்லையேன்னு கேளு."

பின்னால் நின்றவங்க சிரித்துவிட்டார்கள். "அந்தப் புள்ள முழிச்சா எத்தனை சேதியத்தான் ஞாபகம் வெச்சுக்கும்?" என்றார் சின்ன மாமனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் அடைத்திருந்தது ஒரே தடவையில் வந்துவிட்டது.

"பாப்பா, பெரியப்பா உள்ள போனா இன்னையோட அம்மாவுக்கு வேலை போயிரும்னு சொல்லு. நாம மறுபடி எஸ்டேட்டுக்குப் போகோணும். அந்த லயன்ல உனக்கு மூச்சு இழுத்துச்சே, அதச் சொல்லு. உன்னத் தூக்கிக்கிட்டு மழையில ரோட்டுல நின்னோமே, ஒரு வண்டியும் நிக்கலியே, அதச் சொல்லு. பெரியப்பா அப்பப் பக்கத்துல இல்ல. நீ சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும்?"

மூத்தார் கூண்டைக் கீழே வைத்தார். குனிந்து, பாப்பா முகத்தில் உட்கார்ந்திருந்த ஈயைத் துண்டால் விரட்டினார். "வாங்கப்பா போலாம், புள்ள தூங்குது" என்று மற்றவங்களைத் திருப்பினார். போகிறபோது மறுபடி அந்தப் பாறையைப் பார்த்துத்தான் சொன்னார்: "ஏன் கண்ணு, உங்கம்மாவுக்கு இத்தனை பேச்சு வரும்னு பொண்ணு பாக்கப் போனப்ப ஒருத்தருமே சொல்லலியே!"

ஃபாரஸ்டர் சொன்னது

ஃபாரஸ்டர் மத்தியானம் வந்தார். படுகையில் கொக்குத் தவிர யாருமில்லை. கரையோரம் பார்த்தார், காலடி இல்லை. பாறையோரம் ஒரு மீன்கூண்டு மட்டும் இருந்தது, மூத்தார் மறந்துவிட்டுப் போனது. அது காய்ந்து கிடப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா பண்ணின?" என்றார். பாப்பா இல்லாமல் எனக்கு எப்படிப் பேச்சு வரும்? டீக்கடையில் விசாரித்துவிட்டு வந்த ராசண்ணன்தான் நடந்ததை எல்லாம் சொன்னார், நடக்காததும் கொஞ்சம் சேர்த்து. அதற்குப் பிறகு மழை முடிகிற வரைக்கும் ஊரிலிருந்து ஒருத்தரும் இறங்கவில்லை. இறங்கப் போனவங்களை டீக்கடையில் வைத்தே மூத்தார் திருப்பி அனுப்பினார் என்று கேள்வி.

மார்கழியில் ஃபாரஸ்டர் மறுபடி வந்து, வேலை எனக்குத்தான் என்று சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். "ஆனா பாப்பா அடுத்த மழைக்குள்ள ஓடியாடப் போயிரும், பாறையில படுக்காது. அதுக்குள்ள வேற ஏதாச்சும் யோசிச்சு வெச்சுக்கம்மா" என்றும் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார், கேரளாவுக்குக் கட்டி வைத்திருந்த பையைப் பிரித்துப் போர்வையை வெளியே எடுத்தார். மாமியார் மட்டும் பதில் தெரிந்த மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அவர் சொன்னது இதுதான்: "இதுல யோசிக்கறதுக்கு என்ன சாமி இருக்குது? காலாகாலத்துல ரெண்டாவதப் பெத்துக்க!"

இப்போது தை. தண்ணி வடிந்துவிட்டது, புல்லுக்குள் குட்டி மீனெல்லாம் குழியில் நெளிகிறது, பாப்பா மிளகுக் கூடைக்குப் பக்கத்தில் தூங்குகிறாள். ஆக மொத்தத்தில், ஆத்தைக் காக்கிற இந்த வேலையில் ஆறு ஒரு நாளும் எனக்குக் கஷ்டம் கொடுத்ததில்லை, கஷ்டமெல்லாம் என் சொந்தக்காரங்களால்தான், அவங்களும் இப்போது பாறைக்கு அந்தப் பக்கமே நின்று...

"பாப்பாவ்! பெரியப்பா மாடு கயித்த அத்துக்கிட்டு உள்ள போயிருச்சு, நான் போயி ஓட்டியாரலாமான்னு உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளு கண்ணு!"

இருங்க, மூத்தார் கூப்பிடுகிறார், பாப்பாவை எழுப்பினால் அழுவாள், அதனால் இன்றைக்கு நானே நேராகப் போய்ப் பதில் சொல்லிவிட்டு...